மூலையில் இரண்டு, நடுவில் மூன்று

“ஏணியை வடிவாப் பிடியும், விக்னேஷ்.”

பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். திருச்சியில் எம்.சி.ஏ. முடித்து, கோபன்ஹேகனில் மென்பொருள் எழுதி, கம்பெனி கையை விரித்த பிறகு, ஹோர்சன்ஸில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தவன் நான். இந்த ஒன்றரை வருடத்தில் குற்றவாளிகளைவிட ஏணியைத்தான் அதிகம் பிடித்திருக்கிறேன்.

மேல்படியில் நின்றவர் என் முதலாளி சயந்தினி. முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதம் மதிப்பிடும் வேலை பார்த்தவர். யாழ்ப்பாணத்துக்காரர், எட்டு வயதில் டென்மார்க் வந்தவர். தன்னை மேடம் என்று கூப்பிட வேண்டாம், இந்த நாட்டில் யாரும் யாருக்கும் மேடம் இல்லை என்று வாரத்துக்கு ஒரு முறை சொல்வார். வாரத்துக்கு ஒரு முறை நானும் சரி மேடம் என்பேன்.

“எத்தனை மேடம்?”

“அஞ்சு. மூலையில ரெண்டு, நடுவில மூண்டு. அஞ்சும் மஞ்சள்.”

“அப்ப ஆள் இவர்தான். ஏணியை மடிச்சிடலாமா?”

“நான் இறங்கினாப் பிறகு மடியும்.”

நாங்கள் நின்றது சில்க்போர்க்கில் அந்தோனிமுத்து என்பவரின் வீட்டு வளவில். ஏணி சாய்ந்திருந்தது அவருடைய கேம்பர்மேல். பெரிய அமெரிக்கப் பிக்கப் ஒன்றின் முதுகில், கட்டில் அடுப்பு கக்கூஸ் எல்லாம் உள்ளே அடங்கிய ஒரு வெள்ளைப் பெட்டி வீட்டைத் தூக்கி வைத்திருந்தார்கள். பிக்கப்பைவிடப் பெட்டி அகலம். இரண்டு பக்கமும் ஒரு சாண் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

அந்தோனிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சில்க்போர்க் நகர பஸ் டிரைவர். பத்தொன்பது வருடத்தில் ஒரு நிமிடம் பிந்தியதில்லை என்று அவரே சொன்னார், அவர் மனைவி அமலராணியும் சொன்னார். பொலிஸுக்கும் அதில் சந்தேகமில்லை. அவர்களுடைய சந்தேகம் வேறு.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மாலை நாலு இருபத்தைந்து. நவம்பர் கடைசியில் இந்த ஊரில் அந்த நேரத்துக்கே இருட்டிவிடும். ஏரிக்கரையை ஒட்டிய ஒற்றைக் காட்டுப் பாதையில் நிறோஷினி என்ற பெண் தன் நீலச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனிப்பது அவள் வேலை. எதிரே வந்த அகலமான கேம்பர் ஒன்று வளைவில் அவளைத் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடுப்பெலும்பும் தோளெலும்பும் முறிந்து அரை மணி நேரம் பள்ளத்தில் கிடந்திருக்கிறாள். நம்பர் பிளேட்டைப் பார்க்கவில்லை. பொலிஸ் எழுதிக்கொண்டது ஒரே வரி: கூரையில் மஞ்சள் விளக்குகள்.

டென்மார்க்கில் அந்த ஒரு வரி போதும். இங்கே வண்டியின் அகலம் இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டரைத் தாண்டினால், மேலே இரண்டு மூலையிலும் அடையாள விளக்கு இருக்க வேண்டும். பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை. அமெரிக்காவில் முன்னால் மஞ்சள், அதுவும் நடுவில் மூன்று கூடுதலாக. ஆகவே மஞ்சள் என்றால் அமெரிக்க வண்டி. அமெரிக்க வண்டி என்றால், அந்தப் பாதைக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி வசிக்கும் அந்தோனிமுத்து. அன்று அந்த நேரம் வீட்டில் தனியாக இருந்தேன் என்கிறார். சாட்சி இல்லை.

நாளை வியாழன் காலை பத்து மணிக்கு விசாரணை. அதோடு லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று வக்கீலே சொல்லிவிட்டார். லைசென்ஸ் போனால் பஸ் போச்சு. அது போதாதென்று நிறோஷினிக்கு ஞானத்தகப்பன் இந்த அந்தோனிமுத்துதான். போன ஞாயிறு பூசையில் அவர் இருந்த வாங்கில், அந்தப் பெஞ்சு முழுக்க, வேறு யாரும் உட்காரவில்லையாம். அதைச் சொல்லும்போது மட்டும் அமலராணியின் குரல் உடைந்தது.

எங்களை அமர்த்தியவர் இவர்களின் நெருங்கிய சிநேகிதர் பூபாலசிங்கம். ஹோர்சன்ஸ்காரர். திங்கட்கிழமை நடந்தே எங்கள் அலுவலகத்துக்கு வந்து, ஈரச் சப்பாத்தோடு நின்று, “அந்தோனி குற்றம் செய்யேல்லை. எப்பிடியாவது அவனை இதில இருந்து வெளியில எடுங்கோ,” என்றார். அப்படி ஒரு சிநேகிதன் எனக்கு இருந்திருந்தால் நான் இன்னும் கோபன்ஹேகனில் இருந்திருப்பேன்.

“அண்ணை,” என்றபடி இறங்கினார் சயந்தினி. “உங்கட சூன் பேப்பரைப் பார்த்தன்.”

வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டுவதை இங்கே சூன் என்பார்கள். தவறினால் வண்டி ரோட்டில் ஓடக் கூடாது.

“ஓம்,” என்றார் அந்தோனிமுத்து.

“போன வாரம் திங்கட்கிழமை பாஸ் பண்ணியிருக்கிறீங்கள். விபத்துக்கு முதல் நாள்.”

“ஓம்.”

“அஞ்சு மஞ்சள் லைட்டோட எப்பிடிப் பாஸ் பண்ணினீங்கள்?”

அந்தோனிமுத்து வானத்தைப் பார்த்தார். பிறகு பிக்கப்பின் சக்கரத்தைப் பார்த்தார். அவ்வளவு சுவாரஸ்யமான சக்கரம் இல்லை அது.

“ஏன் வாயை மூடிக்கொண்டு நிக்கிறியள்?” என்று சீறினார் அமலராணி. கையில் சுடச்சுட ரோல்ஸ் தட்டு. “நாளைக்கு உங்கட லைசென்ஸ் போகுது. இன்னும் அந்த ஐஸ்கிரீம் பெட்டியைக் காப்பாத்தப் போறியளோ? தங்கச்சி, நான் சொல்லுறன், கேளுங்கோ.”

ரோல்ஸை எடுத்துக்கொண்டு கேட்டேன். கதை இதுதான்.

ஐந்து வருடத்துக்கு முன் மூன்று பேர் சேர்ந்து அமெரிக்காவிலிருந்து ஒரே கப்பலில் மூன்று கேம்பர் இறக்கினார்கள். அந்தோனிமுத்து, பூபாலசிங்கம், கோபன்ஹேகன் பக்கம் புரொண்பியில் இருக்கும் முத்துக்கிருஷ்ணன். மூன்றிலும் முன்னால் மஞ்சள். வெள்ளை விளக்கு ஜெர்மனியிலிருந்து வந்தது, ஆனால் அந்த அமெரிக்க ஓட்டைக்குப் பொருந்தவில்லை. பூபாலசிங்கம் தன் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு வளையம் கடைந்து பொருத்தினார். இரண்டே இரண்டு. அப்புறம் தொழிற்சாலையில் அந்த மெஷினை மாற்றிவிட்டார்கள்.

“ஒரு சோடிதானே இருக்கு எண்டு ஆளாளுக்கு மாறி மாறிப் போடத் தொடங்கிச்சினம்,” என்றார் அமலராணி. “ஆருக்குச் சூன் வருதோ அவைக்கு லைட்டுகள் ஐஸ்கிரீம் பெட்டியில போகும். கலியாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி வீடு வீடாப் போய் வரும்.”

“பெட்டிக்குள்ள என்ன இருக்கும்?” என்றார் சயந்தினி.

இனி மறைத்துப் பயனில்லை என்று அந்தோனிமுத்துவே வாயைத் திறந்தார். “ரெண்டு வெள்ளை லைட். ஒரு ஸ்க்ரூ டிரைவர். ஒரு கறுப்பு டேப்.”

“டேப் எதுக்கு?”

“நடுவில மூண்டும் இருக்கே. அஞ்சுக்கும் ஒரே வயர். தனியா அணைக்க ஏலாது. அதால மேல டேப் ஒட்டுறது. மூடியிருந்தா அது லைட் இல்லையாம். டேப்தான் சரியில்லை, மழைக்கு நிக்காது.”

“ஏண்ணே, இன்னொரு சோடி வளையம் செஞ்சிருக்கலாமே?” என்றேன்.

“சூன் ரெண்டு வருசத்துக்கு ஒருக்காத்தானே, தம்பி.”

மூன்று குடும்பம், ஐந்து வருடம், ஒரு சட்டம், ஒரு ஐஸ்கிரீம் பெட்டி. இவ்வளவு பாடுபட்டுச் சட்டத்தை மீறுவதற்கு அதைக் கடைப்பிடித்துவிட்டே போகலாம். சொல்லவில்லை, இன்னொரு ரோல்ஸ் மீதி இருந்தது.

“போன வாரம் பெட்டி எங்க இருந்தது?” சயந்தினி விடவில்லை.

“திங்கள் எனக்குச் சூன். செவ்வாய் மத்தியானம் பூபாலண்ணை தன்ர கேம்பரோட இங்க வந்தவர். அவருக்குப் புதன்கிழமை சூன். என்ர வண்டியில இருந்து வெள்ளை ரெண்டையும் கழட்டி, நான்தான் அவற்ற வண்டியில பூட்டி விட்டனான். என்ர மஞ்சளைத் திருப்பி எனக்குப் போட்டன். நாலேகாலுக்கு அவர் வெளிக்கிட்டுப் போயிட்டார்.”

நானும் சயந்தினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். செவ்வாய்க்கிழமை சில்க்போர்க்கில் இருந்ததை பூபாலசிங்கம் எங்களிடம் மூச்சுவிடவில்லை.

“இதைப் பொலிஸுக்கு ஏன் சொல்லேல்லை?”

“அவர் என்னத்துக்கு வந்தவர் எண்டு கேப்பாங்கள். மூண்டு பேற்ற வண்டியும் போயிடும். அதோட, பூபாலண்ணைக்கும் இதுக்கும் என்ன? அவற்ற வண்டியில வெள்ளை லைட். நான் என்ர கையால பூட்டினது. அவங்கள் தேடுறது மஞ்சள்.”

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. மிஞ்சியது புரொண்பி. வண்டியில் ஏறியதும் முத்துக்கிருஷ்ணனை வீடியோவில் பிடித்தேன். மதுரைக்காரர், கட்டடப் பொறியாளர். ஃபோனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

“பாத்துக்கங்க தம்பி. அக்டோபர்லயே கேம்பர் பெட்டியை வண்டியிலேர்ந்து இறக்கி நாலு கால்ல நிறுத்திட்டேன். அடியில பாப்பாவோட முயல் கூண்டு. முயல் குட்டி போட்டிருக்கு. அதைத் தாண்டி வண்டியை எடுக்க எங்க வீட்ல எவனுக்கும் தைரியம் கிடையாது.”

கூரையில் ஒரு விரற்கடை உயரத்துக்கு மக்கிய இலை. முயல் எங்களை முறைத்தது. ஃபோனை வைத்தேன்.

“சுருக்கமாச் சொல்றேன் மேடம். முத்துக்கிருஷ்ணன் வண்டி முயல் காவல்ல இருக்கு. பூபாலசிங்கம் வண்டியில வெள்ளை. மஞ்சளோட இருந்தது அந்தோனிமுத்து வண்டி ஒண்ணுதான். காப்பாத்தச் சொல்லிக் கூப்பிட்டாங்க. ரெண்டு மணி நேரத்துல பொலிஸுக்குக் கிடைக்காத ஆதாரத்தையும் நாமளே தேடிக் குடுத்துட்டோம். நம்ம விளம்பரத்துல இதைப் போடலாம்.”

“நீர் கொஞ்சம் பேசாமல் வண்டியை ஓட்டும்.”

“எங்க?”

“நிறோஷினி வீட்டை. பொலிஸ் எழுதின வரியை எல்லாரும் வாசிச்சிட்டினம். அந்தப் பிள்ளையிட்ட ஒருத்தரும் திருப்பிக் கேக்கேல்லை.”

நிறோஷினி சாய்வு நாற்காலியில் தலையணைகளுக்கு நடுவே இருந்தாள். வயது இருபத்தாறு. தோளில் கட்டு, பக்கத்தில் ஊன்றுகோல். அம்மா வேலைக்குப் போய்விட்டார். எட்டு நாள் நாற்காலியில் கிடந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது.

“அந்தோனி மாமாவா எண்டு நீங்களும் கேக்கத்தான் வந்தனீங்களா?”

“இல்லை. லைட்டைப் பற்றிக் கேக்க வந்தனான்,” என்றார் சயந்தினி.

“சொல்லிட்டனே. மஞ்சள்.”

“எத்தனை?”

நிறோஷினி புருவத்தைச் சுருக்கினாள். “மூண்டு.”

என் வாயிலிருந்த கிளமென்டைன் சுளை அப்படியே நின்றது. மேசைக் கூடையில் ஆரஞ்சுக்குத் தம்பி மாதிரி இருக்கும் அந்தப் பழம் நிறைய இருந்தது, கேட்காமல் எடுத்திருந்தேன்.

“மூண்டு மட்டுமா?”

“மஞ்சள் மூண்டுதான். ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு.”

சயந்தினி சமையலறைக்குப் போய் இரண்டு வெள்ளைப்பூடு எடுத்து வந்தார். கூடையிலிருந்து ஐந்து கிளமென்டைனையும் எடுத்து எல்லாவற்றையும் அவள் முன்னால் வைத்தார்.

“உது வண்டியின்ர கூரை எண்டு நினைச்சுக்கொள்ளும். பழம் மஞ்சள் லைட், பூடு வெள்ளை லைட். கண்டதை அப்பிடியே வையும்.”

நிறோஷினி ஒற்றைக் கையால் அடுக்கினாள். யோசிக்கவே இல்லை. நடுவில் மூன்று கிளமென்டைன். இடது மூலையில் ஒரு பூடு, வலது மூலையில் ஒரு பூடு. மீதி இரண்டு பழத்தையும் தள்ளி வைத்தாள்.

“மூலையில வெள்ளையா?”

“ஓம்.”

“அதைப் பொலிஸுக்குச் சொல்லேல்லையா?”

“அவர் என்னட்ட, வித்தியாசமா ஏதும் கண்டனீரா எண்டு கேட்டவர். வித்தியாசமா இருந்ததைச் சொன்னன். முன்னுக்கு வெள்ளை லைட் எல்லாற்ற வாகனத்திலயும்தானே இருக்கு. அதைப் போய் ஆர் சொல்லுவினம்?”

அந்த நேரத்தில் அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. சட்டப்படி இருந்த இரண்டு விளக்கையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சட்டம் மீறிய மூன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷனைத் தூக்கில் போடப் பார்த்திருக்கிறார்கள்.

“அப்ப மாமா இல்லையா?” என்று கேட்டாள் நிறோஷினி. குரல் சட்டென்று சின்னதாகிவிட்டது.

“உன்ர மாமாவின்ர வண்டியில அஞ்சும் மஞ்சள், பிள்ளை. அவர் இல்லை.”

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். “நான் அவரை வீட்டுக்கு வர வேண்டாம் எண்டு சொல்லிட்டன்,” என்றாள். சயந்தினி அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு எழுந்தார். போகும்போது மூன்று கிளமென்டைனையும் இரண்டு பூடையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

“சாட்சியைச் சாப்பிடாதையும்,” என்றார் என்னிடம்.

வாசலில் நின்றபடியே அந்தோனிமுத்துவுக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் பஸ் டிப்போ சத்தம் கேட்டது. அவர் ஷிஃப்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, ஒரே ஒரு கேள்வி. அந்தக் கறுப்பு டேப்பை எப்ப ஒட்டுறனீங்கள்?”

“சூன் வாசல்ல. முதலே ஒட்டினா மழைக்குக் கழண்டு தொங்கும். அதால லைட்டை முதல் நாளே பூட்டுவம், டேப்பை வாசல்ல நிண்டுதான் ஒட்டுவம். ஆரம்பத்தில இருந்தே அதுதான் வழக்கம். ஏன்?”

“பேந்து சொல்லுறன். நீங்கள் வேலைக்குப் போங்கோ.”

மறுமுனை வைத்த பிறகும் சயந்தினி ஃபோனைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கும் விளங்கிவிட்டது. விளங்கியது பிடிக்கவில்லை.

“மேடம், வேற யாராவது இருக்கக் கூடாதா? நாலாவது அமெரிக்க வண்டி, ஒரு ஜெர்மன்காரன், யாராவது?”

“இருந்தா நல்லம்,” என்றார். அடுத்த எண்ணை அழுத்தினார். “வணக்கம் ஐயா. சயந்தினி கதைக்கிறன். மூண்டு மணிக்கு சில்க்போர்க் பஸ் நிலையத்துக்கு வருவீங்களா? ஓம், அந்தோனியண்ணையின்ர விசயமாத்தான். வரேக்குள்ள அந்த ஐஸ்கிரீம் பெட்டியையும் கொண்டு வாங்கோ.”



“வாறன்,” என்றது பூபாலசிங்கத்தின் குரல்.

மூன்று மணிக்கு ஹோர்சன்ஸ் பஸ் வந்தது. அதிலிருந்து இறங்கினார். வயது அறுபத்துமூன்று, மெலிந்த உடம்பு, நீலக் குல்லா. வீட்டில் பிக்கப் ஒன்று, கார் ஒன்று வைத்திருக்கும் மனிதர். அலுவலகத்துக்கு நடந்து வந்தார், இங்கே பஸ்ஸில் வருகிறார். திங்கட்கிழமையே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் அவருடைய ஈரச் சப்பாத்தைப் பார்த்துத் தரையைத் துடைக்க வேண்டுமே என்று நினைத்தேன்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். வனிலா, இரண்டு லிட்டர்.

“அந்தோனி வெளியில வந்திடுவானா, பிள்ளை?”

“வந்திட்டார் ஐயா. அவர் இல்லை எண்டு தெரிஞ்சுபோச்சு.”

“அப்பாடா!” அவர் முகத்தில் வந்த சந்தோஷம் நிஜம். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. கண்ணை மூடித் திறந்தார். “அது போதும். இனி வேற ஒண்டும் தேட வேண்டாம். உங்கட வேலை முடிஞ்சுது.”

சயந்தினி கோட்டுப் பைக்குள் கையை விட்டார். பையிலிருந்து எடுத்துப் பெஞ்சில் வரிசையாக வைத்தார். ஒரு பூடு. மூன்று கிளமென்டைன். ஒரு பூடு.

“இது என்னெண்டு சொல்லுங்கோ ஐயா.”

பூபாலசிங்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

“என்ர வண்டி,” என்றார்.

ஓடவில்லை, மறுக்கவில்லை, இது எப்படி என்று கேட்கவும் இல்லை. பெட்டி மூடியின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினார்.

“டேப் ஒட்டேல்லை. பெருந்தெருவில பொலிஸ் நிக்கும், நடுவில மஞ்சள் எரியுது எண்டு மறிப்பாங்கள். அதால ஏரிக்கரையால போனன். வளைவில ஏதோ தட்டுப்பட்டது. கொப்பு எண்டு நினைச்சன். கண்ணாடியில பார்த்தன், கேம்பர்ப் பெட்டிதான் தெரிஞ்சுது, பின்னால ஒரே இருட்டு. அடுத்த நாள் சூனில பாஸ் எண்டாங்கள். வீட்டை வந்து வண்டியைக் கழுவேக்கதான் இடப்பக்க மூலையில ஒரு கீறல் கண்டன். நீலப் பெயின்ற். பின்னேரம் அந்தோனி ஃபோன் எடுத்து, நிறோஷினியை ஆரோ அடிச்சிட்டாங்கள் எண்டு அழுறான்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே சார்,” என்றேன். என் குரலில் கோபம் இருந்தது. “அந்தப் பொண்ணு அரை மணி நேரம் பள்ளத்துல கிடந்திருக்கு.”

“அடுத்த கிழமை வியாழன் எனக்குக் கொம்யூனில கைகுலுக்கிற வைபவம், தம்பி.”

எனக்கு விளங்கவில்லை. சயந்தினிக்கு விளங்கியது. கண்ணை மூடிக்கொண்டார்.

“குடியுரிமை,” என்றார் என்னிடம். “நகரசபை மண்டபத்தில மேயரோட கை குலுக்கிக் கையெழுத்து வைக்கோணும். குற்றம் ஒண்டும் செய்யேல்லை எண்டு.”

“முப்பத்தாறு வருசம் இந்த நாட்டில,” என்றார் பூபாலசிங்கம். “டேனிஷ் சோதனை நாலு தரம் எழுதினன். அஞ்சாந்தரம் பாஸ். கோட் சூட் தைச்சு வைச்சிருக்கிறன். வழக்கு எண்டா எல்லாம் போச்சு. ரெண்டு கிழமை, ரெண்டே ரெண்டு கிழமை தள்ளிப்போனாக் காணும் எண்டு நினைச்சன். அதுக்குள்ள அந்தோனியைப் பிடிச்சிட்டாங்கள். நான் என்ன செய்யிறது? நல்ல துப்பறியிற ஆள் எண்டு உங்களைப் பிடிச்சன். அவன் இல்லை எண்டு மட்டும் நிரூபிச்சாப் போதும் எண்டு.”

“அவர் இல்லை எண்டு நிரூபிக்கிறதும் நீங்கள்தான் எண்டு நிரூபிக்கிறதும் ஒரே வேலை ஐயா. வேற வேறயாச் செய்ய எங்களுக்குத் தெரியாது.”

பூபாலசிங்கம் தலையை ஆட்டினார். “இனி என்ன? நீங்கள் பொலிஸுக்குச் சொல்லுவியள்.”

“நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்குச் சொல்லுவன். அதுக்கு முதல் நீங்களாப் போனா நல்லம். பொலிஸ் ஸ்டேஷன் இங்க இருந்து அஞ்சு தரிப்புத்தான்.”

“பஸ்ஸில?”

“உங்கட வண்டியில போகேலாது,” என்றார் சயந்தினி. “லைட் சரியில்லை.”

அதற்குச் சிரிக்க எங்கள் யாருக்கும் வரவில்லை.

மூன்று முப்பத்திரண்டுக்கு நகர பஸ் வந்து நின்றது. முன்கதவு திறந்தது. டிரைவர் இருக்கையில் அந்தோனிமுத்து. எங்கள் மூவரையும் பார்த்து, “என்ன அண்ணை, நீங்கள் இங்க?” என்று சிரித்தார். எனக்குத் தரையைப் பார்க்கத் தோன்றியது.

பூபாலசிங்கம் படியேறினார். குல்லாவைக் கழற்றினார். டிரைவரின் தடுப்புக் கண்ணாடிப் பக்கம் குனிந்து, “அந்தோனி, அண்டைக்கு அது நான்தான்,” என்றார்.

அந்தோனிமுத்துவின் முகத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் இருந்தது. அதை எடுக்க அவருக்கு மறந்துவிட்டது. “உங்கட வண்டியில வெள்ளையெல்லோ? நான்தானே பூட்டினனான்.”

“நடுவில மூண்டு எரிஞ்சுகொண்டிருந்தது.”

பின்னால் ஒரு டேனிஷ் பாட்டி தள்ளுவண்டியோடு ஏறக் காத்திருந்தார். பூபாலசிங்கம் உள்ளே நகர்ந்து முதல் இருக்கையில் அமர்ந்தார். நாங்கள் எதிரே அமர்ந்தோம். கதவு மூடியது. பஸ் கிளம்பியது.

நாலு நிறுத்தம் வரை அந்தோனிமுத்து கண்ணாடியில் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது. ஐந்தாவது தரிப்பின் பேரை ஒலிபெருக்கி சொன்னது. பூபாலசிங்கத்தின் தலைக்கு மேலே சிவப்புப் பொத்தான். அழுத்தினால்தான் பஸ் நிற்கும். அவர் கை மடியிலேயே இருந்தது. எனக்குக் கை துருதுருத்தது. சயந்தினி வேண்டாம் என்று தலையசைத்தார்.

யாரும் அழுத்தவில்லை. தரிப்பில் ஏறவும் ஆளில்லை. பஸ் வேகம் குறைந்து ஓரமாக நின்றது. முன்கதவு திறந்து குளிர் காற்று உள்ளே வந்தது.

“அண்ணை,” என்றார் அந்தோனிமுத்து, ரோட்டைப் பார்த்தபடியே. “என்ர ஞானப்பிள்ளை, அண்ணை.”

“தெரியும்.”

“என்னோட ஒரு வாங்கில இருக்க ஆருமில்லை. நீங்கள் மூண்டு தரம் வீட்டை வந்து ஆறுதல் சொன்னியள்.”

பூபாலசிங்கம் எழுந்தார். ஐஸ்கிரீம் பெட்டியை இருக்கையிலேயே வைத்துவிட்டு முன்னால் வந்து கையை நீட்டினார். அந்தோனிமுத்துவின் இரண்டு கையும் ஸ்டீரிங்கில் இருந்தன. எடுக்கவில்லை. நீட்டிய கை கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கீழே போனது. படியில் கால் வைத்தபோதுதான் அந்தோனிமுத்து திரும்பினார்.

“பெட்டியைக் கொண்டு போங்கோ.”

“வேண்டாம். அதைக் காட்டினா உன்ர வண்டியும் போயிடும்.”

“போகட்டும். அது இல்லாட்டி அவங்களுக்குக் கதை விளங்காது.”

சயந்தினி பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அவர் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

ஸ்டேஷன் வாசல் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நடுவில் சிக்னல். பூபாலசிங்கம் பச்சை விளக்குக்காக நின்றார். வண்டி ஒன்றும் வரவில்லை, இருந்தும் நின்றார். பாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, போகலாமா என்று டேனிஷில் கேட்டார். இதோ என்று அந்தோனிமுத்துவும் டேனிஷில் சொன்னார். நாலு நிமிடம் பிந்தியிருந்தது. பச்சை விழுந்தது. நீலக் குல்லா ரோட்டைக் கடந்து, படியேறி, உள்ளே போகும்வரை அந்தோனிமுத்து பஸ் கதவை மூடவில்லை.